தவளைகளுக்கு ஒரு கை தண்ணீர்

என் நாத்தனார் எங்கள் வீட்டுக்குக் குடிவந்தபோது கொண்டுவந்தது ஒரு பெட்டி துணி, ஒரு கட்டு மருந்துச் சீட்டு, ஒன்பது தொட்டி மண். மண்ணைப் பார்த்ததும் செடி வளர்க்கப் போகிறாளாக்கும் என்று சந்தோஷப்பட்டேன். ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் ஒரு தவளை புதைந்து கிடக்கிறது என்று அவள் சொன்னபோது, ஒரு தொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தவள் நான்தான். அதைக் கீழே போடாமல் இருந்தது என் பெரிய மனசு.

அவளைக் குடும்பத்தில் எல்லோரும் சின்னவ என்றுதான் கூப்பிடுவோம். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருஷம் வறண்ட நிலத்துத் தவளைகளோடு குடும்பம் நடத்தியவள். எனக்கும் அவளுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். நான் தைத்துக் கொடுத்த ரவிக்கையை ஒருமுறை "நல்லாயிருக்கு, கொஞ்சம் லூஸ்" என்றாள். அந்தக் கொஞ்சத்தை நான் இருபது வருஷமாக மறக்கவில்லை. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு மூன்று வருஷமாயிற்று; இப்போது ஊதிப்போன காலோடு வந்து நின்றாள். கல்லூரியில் கூரையைப் பிரித்து வேலை நடக்கிறதாம். தவளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையாம். அண்ணன்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இருபது நாள் ரோட்டில்தான் இருப்பார். ஆக, அவளுக்கும் தவளைகளுக்கும் சேர்த்து நான் ஒருத்தி.

கல்யாணமாகிப் போன என் மகளின் அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தேன். கட்டிலுக்கு எதிரே சுவரோரமாகத் தொட்டிகளை வரிசையாக வைத்தோம். மண் பாளம் பாளமாக வெடித்து, கட்டாந்தரை மாதிரி இருந்தது.

"உயிரோட இருக்கா, செத்துப்போச்சான்னு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாது அண்ணி. தோண்டிப் பார்த்தா அதுவே அதைக் கொன்னுடும். இருக்குன்னு நம்பிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

"எத்தனை நாளா இப்படி?"

"பதினாலு மாசம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதினாலு மாதம் ஒரு பருக்கை இல்லாமல், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமலா? அவள் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி விவரமாகச் சொன்னாள். மழை நிற்கப்போகிற சமயத்தில் தவளை வயிறு முட்டத் தண்ணீரை உறிஞ்சி மூத்திரப்பையில் நிரப்பிக்கொள்ளுமாம். பின்னங்காலால் மண்ணைத் தள்ளித் தள்ளி, பின்பக்கமாகவே உள்ளே இறங்குமாம். அங்கே உட்கார்ந்ததும் தோலை உரிக்கும். உரித்த தோலைக் கழற்றிப் போடாது. அதன்மேலேயே அடுத்த தோல், அதற்குமேல் இன்னொன்று. மூச்சுவிட மூக்கில் மட்டும் ஓட்டை.

"எத்தனை மடிப்பு வரும்?" என்றேன். துணி விஷயம் மாதிரி இருந்ததால் எனக்கு ஆர்வம் வந்துவிட்டது.

"நாப்பது, அம்பது கூட இருக்கும்."

"தையலே இல்லாமலா!"

"தையலே இல்லாம. அதுமட்டுமில்ல அண்ணி, மூத்திரத்துல போகவேண்டிய யூரியாவை ரத்தத்திலேயே சேர்த்து வச்சுக்கும் சில தவளை. அப்பத்தான் சுத்தியிருக்கிற மண்ணு அது உடம்புத் தண்ணியை இழுக்காது."

"யூரியாவா? அதுதானே உனக்கும் ஏறிப்போச்சுன்னு டாக்டர் சொன்னாரு?"

அவள் சிரித்தாள். வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தாள். "அதுக்கு ஏறினா உயிர் நிக்குது, எனக்கு ஏறினா மிஷின்ல படுக்கப் போடுறாங்க. பத்தொம்பது வருஷம் கூட இருந்திருக்கேன், அந்த வித்தையை மட்டும் எனக்குச் சொல்லித் தரலை பாருங்க, துரோகிங்க."

வாரத்தில் மூன்று நாள் காலையில் டயாலிசிஸ். நான்தான் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போவேன். உள்ளே நுழைந்ததும் முதல் காரியம் எடைமேடை. போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் ஏறியிருக்கிற எடை முழுக்கத் தண்ணீர்தான். மூத்திரம் போகாத உடம்பில் குடித்ததெல்லாம் அப்படியே தங்கிவிடும். அந்தத் தண்ணீரை மிஷின் நாலு மணி நேரத்தில் உறிஞ்சி எடுக்கும். அதிகம் ஏறியிருந்தால் அதிகம் இழுக்க வேண்டும், இதயம் தாங்காது. அதனால் ஒரு நாளைக்கு அவளுக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். நூற்றியிருபத்தைந்து மில்லி வீதம் நாலு வேளை. ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்த அளவு ஜாடியில் அளந்து, ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, அந்த மட்டத்தில் என் மகள் விட்டுப்போன நெயில் பாலிஷால் கோடு போட்டுக் கொடுத்தாள்.

"குடம், ஃப்ரிட்ஜ் எல்லாம் உங்க பொறுப்பு அண்ணி. எங்கையில இருந்தா நான் குடிச்சிடுவேன். நீங்க கண்டிப்பானவங்க. உங்களைத்தான் நம்புறேன்."

மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் அவள் பெயர் இருந்தது. மூன்று வருஷம் காத்திருந்து மேலே வந்திருந்த பெயர். அது நழுவிவிடக் கூடாது என்பதுதான் அந்த வீட்டில் எங்கள் இருவருக்கும் அப்போது இருந்த ஒரே கவலை.

கோடை ஏறியது. நான் ஹாலில் பள்ளிக்கூடச் சீருடைகளை மோட்டார் மிஷினில் ஓட்டிக்கொண்டிருப்பேன். அவள் உள்ளே படுத்திருப்பாள். காலைத் தண்ணீரை எட்டு மணிக்கே குடித்துவிடுவாள். பன்னிரண்டு மணிக்குள் உதடு வெடித்துவிடும். வாயைக் கொப்பளித்துத் துப்புவாள். துப்புவதற்கு முன்னால் ஒரு நொடி கன்னத்தில் வைத்துக்கொள்வாள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் தலையைத் திருப்பிக்கொள்வாள். நான் சமையலறையில் ஒளிந்து நின்று தண்ணீர் குடிக்கிற அளவுக்கு ஆகிவிட்டது. என் வீட்டில், என் தண்ணீரை, நான் திருடி மாதிரி குடித்தேன்.

ஒரு மாதத்தில் விளக்கித் துடைத்துத் துடைத்து அந்தக் கோடு தேய்ந்துபோனது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்புவானேன் என்று நானே நெயில் பாலிஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கிற யாரும் சரியான அளவுக்குத் தைப்பதில்லை. அளவெடுத்தபின் எல்லாப் பக்கமும் அரை இஞ்ச் விட்டுத்தான் வெட்டுவோம். பிள்ளை வளரும், துணி சுருங்கும், யாருக்கும் மூச்சு முட்டக் கூடாது. முப்பது வருஷமாக என் கத்திரிக்கோல் கோட்டுக்கு அரை இஞ்ச் வெளியேதான் போயிருக்கிறது. அன்றைக்கும் கை அப்படித்தான் போனது. பழைய கோட்டின் தடம் லேசாகத் தெரிந்தது. அதற்கு அரை இஞ்ச் மேலே புதுக்கோடு போட்டேன். கை தவறிவிட்டது என்று சொன்னால் அது பொய். பாவம், குடித்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துத்தான் போட்டேன்.

தவளைகளையும் நான் விட்டுவைக்கவில்லை. அவள் மிஷினில் படுத்திருக்கும் நாலு மணி நேரத்தில் நான் வீட்டுக்கு வந்து சமைத்துவிட்டுத் திரும்புவேன். அப்போது அந்த அறையைப் பெருக்கப் போனால் ஒன்பது தொட்டியும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். எனக்கு மனசு கேட்காது. துணி இஸ்திரி போடத் தண்ணீர் தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டிலை எடுத்துவந்து, தொட்டிக்கு ஒரு கை தண்ணீர் தெளித்துவிடுவேன். நாலு நிமிஷத்தில் மண் குடித்துவிடும், தடயமே இருக்காது. "குடிங்கடி, உங்க ஆராய்ச்சிக்காரிகிட்ட மூச்சு விடாதீங்க" என்று சொல்லிவிட்டு வருவேன். பெருமையாகக்கூட இருந்தது.

புதுக்கோடு போட்ட ஒரு வாரத்தில் சின்னவளின் முகம் தெளிந்தது. "அண்ணி, ஒண்ணு கவனிச்சீங்களா? முன்ன மாதிரி தாகம் இல்ல" என்றாள். "அரை லிட்டர் போதும்னு உடம்பு பழகிடுச்சு. நான் கூட நம்பலை. இவ்வளவு வயசுக்கப்புறம் உடம்பு புதுசா ஒண்ணு கத்துக்குது பாருங்க." தவளைகளைப் பற்றி எழுதுகிற நோட்டில், கடைசிப் பக்கத்தில் தன்னைப் பற்றியும் எழுத ஆரம்பித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கழுவி அலமாரியில் கவிழ்த்துவிட்டுத் தைக்கப் போனேன்.

ஆனால் எடை ஏறியது. ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கொஞ்சம் அதிகம். மிஷின் இழுக்கும்போது கால் நரம்பு சுண்டி அலறினாள். மூன்றாவது வாரம் அங்கிருந்த நர்ஸ், வாயைத் திறந்தால் மூடத் தெரியாத பெண், எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"ஏம்மா, படிச்சவங்கதானே நீங்க? திருட்டுத் தண்ணி குடிச்சா எடைமேடை காட்டிக் குடுக்காதா?"

"சத்தியமா இல்ல சிஸ்டர். அளந்துதான் குடிக்கிறேன்."

எனக்கு வந்ததே கோபம். "எங்க வீட்டுல திருட்டுத் தண்ணியெல்லாம் கிடையாது. என் கையால நான் ஊத்துறேன். உங்க மிஷின் சரியா இருக்கான்னு பாருங்க மொதல்ல!" என்று எகிறினேன். அரை இஞ்ச் எல்லாம் ஒரு தண்ணீரா? அது என் கணக்கிலேயே வரவில்லை.

டாக்டர் சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் கூடவே போனேன். "இதயம் வீங்க ஆரம்பிச்சிருக்கு. தண்ணியைக் கட்டுப்படுத்த முடியாதவங்களுக்கு மாற்று உறுப்பு குடுக்க குழு சம்மதிக்காது. மாசக் கடைசியில கூட்டம். இப்படியே எடை ஏறினா உங்க பேரை நிறுத்தி வைக்கச் சொல்லி நானே எழுத வேண்டியிருக்கும்" என்றார்.

சின்னவ வீட்டுக்கு வந்து, சாப்பாட்டில் இருக்கிற தண்ணீராக இருக்குமோ என்று பாதித் தட்டை ஒதுக்கினாள். "தூக்கத்துல எழுந்து போய்க் குடிக்கிறேனோ அண்ணி? எனக்கே தெரியாம? சமையலறையைப் பூட்டி வைங்களேன்" என்றாள். தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். வெயில் காலத்தில் எல்லோருக்கும்தான் உடம்பு ஊதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, மதியம் மூன்று மணி இருக்கும். "அண்ணீ!" என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம். போட்டது போட்டபடி ஓடினேன்.

நாலாவது தொட்டியில் மண் பிளந்திருந்தது. ஒரு தவளை வெளியே உட்கார்ந்திருந்தது. தவளை என்று எனக்குச் சொன்னால்தான் தெரியும்; இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு, கண் மட்டும் பெரிதாக, பழுத்த இலை நிறத்தில் ஏதோ ஒன்று. அதன்மேல் மெல்லிய சவ்வு கிழிந்து தொங்கியது. அந்தச் சவ்வைத் தானே வாயில் இழுத்து இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. பக்கத்துத் தொட்டியிலும் மண் அசைந்தது.

சின்னவ தரையில் உட்கார்ந்து மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். மேல் மண்ணுக்குக் கீழே ஈரம்.

"தண்ணி விட்டீங்களா அண்ணி?"

"கொஞ்சம்தான்... நீ மிஷினுக்குப் போற நாள்ல ஒரு கை. வெடிச்சுக் கிடந்துச்சேம்மா, பார்க்கப் பாவமா இருந்துச்சு."

அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்கு அது வரும். அவள் கத்தவில்லை. ஒன்றும் தெரியாத பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"ஒரேயடியா தண்ணியே இல்லாம இருந்திருந்தா இன்னும் ஒரு வருஷம் கூடத் தாங்கியிருக்கும். இந்தக் கொஞ்சம்தான் அண்ணி அதை ஏமாத்திடுச்சு. மழை வந்துடுச்சுன்னு நம்பி, போர்வையைக் கிழிச்சுக்கிட்டு மேல வந்திருக்கு. இங்க குளமும் இல்ல, பூச்சியும் இல்ல. திரும்பப் போகலாம்னா உடம்புல சத்து இல்ல. அந்த அம்பது மடிப்பும் அது தன் உடம்புலேருந்து எடுத்துத்தானே செஞ்சுது? இன்னொரு தடவை எதை வச்சுச் செய்யும்?"

அந்த ஜந்து கிழிந்த தோலைத் தின்று முடித்துவிட்டு எங்களையே பார்த்தது. அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சமையலறை அலமாரியில் இருந்த டம்ளரிடம் போய் நின்றது.

எழுந்து போய் அந்த டம்ளரை எடுத்துவந்தேன். அவளுடைய அளவு ஜாடியையும் எடுத்துவந்தேன். கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி, ஜாடியில் கவிழ்த்தேன். நூற்றியறுபது.

"கோடு அழிஞ்சுபோச்சு. நான்தான் போட்டேன். அரை இஞ்ச் விட்டுப் போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன், சின்னவ."

அவள் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கில் புலி அவள். நாலு வேளைக்கு எவ்வளவு, மூன்று நாளைக்கு எவ்வளவு என்று அந்த நேரமே போட்டு முடித்திருப்பாள். அடிப்பாள், போ வெளியே என்பாள், அண்ணனுக்குப் போன் பண்ணுவாள் என்று நான் நின்றேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப எனக்குப் பழகலையா அண்ணி?"

நான் ஜாடியைத் தரையில் வைத்தேன்.

"பழகிடுச்சுன்னு நெனச்சேன். நோட்டுல கூட எழுதிட்டேன்" என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். பெயர் போய்விடுமே என்று அவள் அழவில்லை. அந்தப் பழைய தாகம் நாளைக் காலையிலிருந்து முழுசாகத் திரும்பி வரும் என்று அழுதாள். நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். இருபது வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

அன்று சாயங்காலத்துக்குள் மூன்று தவளைகள் மேலே வந்தன. தட்டில் தண்ணீர் வைத்தோம். கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறுகிற நான், தெருவிளக்குக் கம்பத்தடியில் ஈசல் பொறுக்கினேன், அலமாரிக்கடியில் கரப்பான் பிடித்தேன். இரண்டு தவளைகள் தின்றன. முதலில் வந்தது, அந்த நாலாம் தொட்டிக்காரி, வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் தண்ணீர்த் தட்டிலேயே செத்துக் கிடந்தாள். மற்ற ஆறு தொட்டிகளில் மண் அசையவில்லை. அசையாதது நல்லதா கெட்டதா என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

டாக்டரிடம் நானே போனேன். அவள் வேண்டாம் என்றாள், கேட்கவில்லை. எல்லோர் முன்னாலும்தானே அவளைத் திருடி என்றார்கள்? எல்லோர் முன்னாலும் நின்று சொன்னேன். டம்ளரையும் கொண்டுபோய்க் காட்டினேன். அந்த நர்ஸ் என்னைப் பிடி பிடி என்று பிடித்தாள். என் வாழ்நாளில் ஒருத்தி திட்டியதை வாய்மூடிக் கேட்டுக்கொண்டது அன்றைக்குத்தான். டாக்டர் டம்ளரை வாங்கிக் கோட்டைப் பார்த்தார். "மாசக் கடைசிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கு. அஞ்சு தடவை எடை பார்ப்போம். அஞ்சு தடவையும் அளவுக்குள்ள இருந்தா நான் எழுத மாட்டேன். ஒரு தடவை ஏறினாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

அந்தப் பதினோரு நாளும் வெயில் வஞ்சகமில்லாமல் அடித்தது. சின்னவ தன் கையால் அளந்து புதுக்கோடு போட்டாள். நாலு தடவை எடை அளவுக்குள் நின்றது. ஐந்தாவதற்கு முதல் நாள் மின்விசிறியும் நின்றுபோனது. மதியத் தண்ணீரை ஒரு மணிக்கே குடித்துவிட்டாள். நாலு மணிக்கு நான் சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சே குழறியது.

"ஒரு வாய், அண்ணி."

"ஆறு மணிக்கு."

"நனைச்ச துணி மட்டும் குடுங்க, சப்பிக்கிறேன்."

"கிடையாது."

"அன்னிக்கு மட்டும் கேக்காமலே குடுத்தீங்க? இப்ப கேக்குறேன், குடுக்க மாட்டேங்கிறீங்க. உங்களுக்கு என்னைப் பிடிக்காது. எனக்குத் தெரியும். எப்பவுமே பிடிக்காது."

பதில் சொன்னால் எழுந்து போய்க் கொடுத்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. தைத்துக்கொண்டிருந்ததைப் போட்டுவிட்டு, அவளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே தரையில் உட்கார்ந்தேன். என் இரண்டு கையையும் என் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். அவள் திட்டினாள். பிறகு கெஞ்சினாள். பிறகு இரண்டும் இல்லாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு மணி நேரம் நானும் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. அதனால் அவளுக்கு ஒரு லாபமும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஆறு அடித்ததும் எழுந்து போய் டம்ளரில் ஊற்றினேன். கொண்டுவந்து நீட்டினேன். பிடுங்கிக் குடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் இரண்டு கையாலும் டம்ளரை வாங்கி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது.

"கோட்டுக்கு மேல நிக்குது அண்ணி" என்று என்னிடமே திருப்பி நீட்டினாள். "கொஞ்சம் கீழ ஊத்திடுங்க."